வறட்சி என்று எழுதலாமா?

சென்னையில் மழை சரியாகப் பெய்யாத ஒரு வருடத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, வாசலில் நின்று இரண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டதோடு முடிந்துவிட்ட கல்யாணம். என் அப்பா தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். நான் விரும்பியவர் மயிலாப்பூரில் கோயிலை ஒட்டிய தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டுப் பையன். வங்கியில் வேலை. அப்பா கிடையாது, அம்மா மட்டும். அம்மா பாட்டு டீச்சர். இதைக் கேட்டதும் என் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை, அவர் பக்கத்து உறவுக்காரர்களும் சந்தோஷப்படவில்லை. பதிவாளர் முன்னால் சாட்சிக் கையெழுத்துப் போடப் பெரியவர்கள் என்று வந்தது ஒரே ஒருவர்தான். அவருடைய அம்மா.

அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், எங்களோடு ஆட்டோவில் ஏறினார். லஸ் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று, "வலது காலை எடுத்து வெச்சு வா" என்றார். அன்று அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த ஏழெட்டு மாதங்களும் ஏறக்குறைய அப்படியே போயின. "காபி கலந்து வெச்சிருக்கேன்." "லாரி வந்துடுத்து." "குக்கரை எறக்கிடு." இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள். கோபமாகச் சொல்லமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். நான் பிறந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம். யார் கேட்கிறார்கள் என்பது பற்றி யாருக்கும் கவலை இருந்ததில்லை. அந்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு இந்த மௌனம் எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு நாளும் தீர்ப்பு மாதிரி இருந்தது.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதே எனக்குத் தீராத சிக்கல். எங்கள் பக்கத்தில் மாமியாரை அத்தை என்போம். அவர்கள் வீட்டில் மருமகள்கள் அம்மா என்பார்களாம். அம்மா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, என் அம்மா மாம்பலத்தில் என்னை நினைத்து அழுதுகொண்டிருந்தாள். அத்தை என்றால் இவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ. ஆகவே எதுவுமே சொல்லாமல், அவர் எதிரில் போய் நின்று, அவர் என்னைப் பார்க்கும்வரை காத்திருந்து பேசுவேன். எட்டு மாதம் இப்படி ஓட்டினேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

என் கணவரிடம் கேட்டால், "அம்மா முன்னாடி இப்படி இல்ல" என்பார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "என்னாலதான்னு நினைக்கறேன்" என்பார். நான் கையிலிருக்கும் வேலையைத் தொடர்வேன். அவர் 'என்னால' என்று சொன்னாலும் எனக்கு அது 'உன்னால' என்றுதான் கேட்கும்.

அந்த வருடம் நகரம் முழுக்கத் தண்ணீர்ப் பேச்சுத்தான். எங்கள் வீட்டு முன்புறத்தில் இருந்த அடிபம்பில் விடியற்காலையில் அரைமணி நேரம் தண்ணீர் வரும். அதுவும் முதலில் பெருமூச்சு விடும், பிறகு இருமும், அதன்பிறகுதான் ஒரு சொம்பளவு கக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தெருமுனைக்கு லாரி வரும். நானும் மாமியாரும் ஆளுக்கு இரண்டு குடத்தோடு போய் நிற்போம். என் குடத்தை அவர் தூக்கி விடுவார், அவர் குடத்தை நான் தூக்கி விடுவேன். கூட்டத்தில் யாராவது இடித்துக்கொண்டு முன்னால் போனால் நான்தான் சண்டைக்குப் போவேன், பாத்திரக் கடை ரத்தம். அவர் என் முழங்கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். அப்போதுகூடப் பேசமாட்டார். குடத்துத் தண்ணீரைச் சிந்தாமல் மாடிப்படி ஏறும்போது, இந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது போலிருக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொள்வேன்.

நான் வேலைக்குப் போனது தி.நகரில், பனகல் பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய அச்சகத்துக்கு. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர், மருந்துக்கடை பில் புத்தகம், எல்லாம் அடிப்பார்கள். அப்போதுதான் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வந்திருந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் வேலை. முதலாளி ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். கணவர் நடத்திய அச்சகத்தை அவருக்குப் பிறகு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். வேகமான ஆள், பிழை கண்ணில் பட்டால் விடமாட்டார்.

அந்தக் கோடையில் ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கையேடு வந்தது. கிராமத்துச் செவிலியர்களுக்கானது. சாதாரணமாகக் கொடுக்கிற மருந்துகள் எவை, எதற்குக் கொடுப்பது, கூடவே என்னென்ன தொந்தரவுகள் வரலாம் என்று பட்டியல். மருந்துப் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் விட்டுவிட வேண்டும், மற்றதைத் தமிழில் எழுத வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கலக்கம் எல்லாம் தடையில்லாமல் வந்தன. வாய் காய்ந்துபோகிற தொந்தரவு என்று ஒன்று பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தது. நான் 'வாய் வறட்சி' என்று எழுதிக்கொண்டே போனேன்.

முதலாளியம்மா தாளை எடுத்துப் பார்த்தார். "என்னம்மா இது, வாய் வறட்சி? வாய்ல மழையே பெய்யலியா?"

"தோல் வறட்சின்னு சொல்றோமே மேடம்."

"க்ரீம் விளம்பரத்துல சொல்றான். ஊர்ல யாரு சொல்றா? வறட்சின்னா பேப்பர்ல வரும். வறட்சிப் பகுதி, வறட்சி நிவாரணம். அத வாய்க்குப் போட்டா, படிக்கற நர்ஸ் பொண்ணு கலெக்டர் ஆபீஸுக்குத்தான் போகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சொல் தவறு என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டேன். நீரில்லாமை, காய்ந்த தன்மை, மழையில்லாக் காலம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே வறள், வறம், வறுமை என்று ஒரு குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் இல்லாததும் கையில் ஒன்றும் இல்லாததும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பெருக்க வந்த அம்மாள் என் மேஜைக்குக் கீழே துடைப்பத்தை விட்டபடி, "இன்னாமே, பெர்சா யோசிச்சிக்கினு கீற?" என்றாள். சைதாப்பேட்டையிலிருந்து வருகிறவள். என்னை மகள் போல நடத்துவாள்.

"வாய் வறட்சின்னா உங்களுக்குப் புரியுதா?"

"வறட்சியா? அப்டின்னா இன்னா? வாய் காஞ்சி பூட்ச்சுன்னு எய்து. நாக்கு ஒட்டிக்கினு கீதுன்னு எய்து. வறட்சி வாங்கி வெச்சி எர்க்கிறதுக்கா?"

அவள் எரிக்கிற வறட்டியை நினைத்துக்கொண்டாள். முதலாளியம்மா கை தட்டிச் சிரித்தார். "பாத்தியா? அச்சுக்குப் போக இன்னும் நாலு நாள் இருக்கு. ஆளுக்கு ஆள் கேட்டுட்டு வா. யார் யாருக்கு எது புரியுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

இதை அவர் பாதி விளையாட்டாகச் சொன்னார். நான் நிஜமாகவே கேட்க ஆரம்பித்தேன். அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். அப்பா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போன் செய்வேன். "நாக்கு வறளுதுன்னு சொல்லுவோம். ஏன் கேக்க? உனக்கு உடம்புக்கு என்ன?" என்று பதறினாள். இல்லை, புத்தகத்துக்கு என்று சொன்னால் நம்பவில்லை. பன்னிரண்டாம் நம்பர் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்டேன். இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே ஒரு விஷயம் விளங்கியது. குடத்தோடு லாரிக்கு நிற்கிற யாரும் வறட்சி என்று சொல்வதில்லை. தண்ணிக் கஷ்டம் என்பார்கள், தண்ணி இல்லை என்பார்கள். அதற்குப் பதில் அந்தச் சொல்லை வேறு இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். வறட்டு இருமல், வறட்டு கௌரவம், வறட்டுப் பிடிவாதம், வறட்டுச் சிரிப்பு. மனிதர்களிடம் ஈரம் இல்லாதபோதுதான் அதைப் பேச்சில் எடுக்கிறார்கள். நான் நோட்டில் இதையெல்லாம் குறித்துக்கொண்டபோது என் மாமியாரைத்தான் நினைத்தேன். மறைப்பானேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே வந்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். வாரத்தில் ஐந்து நாள் அவர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போவார். கோபாலபுரத்தில் இரண்டு வீடு, அடையாறில் ஒன்று, திருவான்மியூரில் ஒன்று. எல்லாம் பஸ்ஸில்தான். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் ஐந்து, ஐந்தரைக்குத்தான் திரும்புவார். அன்று கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். உதடு வெளுத்துக் கிடந்தது.

நான் வழக்கம்போல் எதிரில் போய் நின்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. எத்தனை நேரம் நிற்பது? என்னை அறியாமல், எங்கள் வீட்டு வழக்கப்படி, "அத்தை" என்று கூப்பிட்டுவிட்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும். வாய் அப்படியே காஞ்சு போயி, நாக்கு மேல ஒட்டிக்குது, எச்சில் முழுங்க முடியல, அப்படி இருந்தா நம்ம வீட்ல என்னன்னு சொல்லுவீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "யார் சொன்னா உனக்கு?" என்றார்.

"என்னது யார் சொன்னா?"

"அவனுக்குத் தெரியுமா?" குரல் கரகரவென்று அரைபட்டு வந்தது. "நீ அவன்கிட்ட சொல்லிட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் புத்தக வேலையைச் சொன்னேன், முதலாளியம்மா சொன்னதைச் சொன்னேன், சைதாப்பேட்டை அம்மாளின் வறட்டியைக்கூடச் சொன்னேன். பாதியிலேயே எனக்குச் சுருக்கென்று உறைத்துவிட்டது. நான் ஒரு சொல்லைக் கேட்டேன், அவர் தன்னைக் கேட்டதாக நினைத்திருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தை, உங்களுக்கு அப்படி இருக்கா?"

கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். மெதுவாக, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி. கிட்டத்தட்ட ஒன்பது மாதமாக இருக்கிறதாம். முதலில் வாய்தான் காய்ந்தது. பிறகு தொண்டை. பேசினால் மணலைக் கொட்டி அரைக்கிற மாதிரி இருக்கும். பாட முடியவில்லை. பிள்ளைகளைப் பாடச் சொல்லிவிட்டுத் தாளம் மட்டும் போடுகிறார். தப்பாகப் பாடினால் கையைக் காட்டி நிறுத்துகிறார். "ரொம்ப ஸ்ட்ரிக்டா ஆயிட்டேள் மாமின்னு சொல்றா" என்றபோது லேசாகச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"டாக்டர்கிட்ட போகலையா?"

"அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவருடைய அக்காவைப் பற்றி என் கணவர் சொல்லியிருக்கிறார். தொண்டையில் கட்டி. ஆறு மாதத்தில் போய்விட்டார்.

"அதான் வாயைத் தொறக்கறதில்ல. இருக்கற கொஞ்சம் குரலையும் பேசித் தீத்துட்டா பொழைப்புக்கு என்ன பண்றது? நீ இந்தாத்துக்கு வந்த புதுசு. வந்தவுடனே வியாதின்னு ஒன் தலைல கட்டறதா? கல்யாணம் ஆன கையோட அவனை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விடறதா?"

எனக்கு அப்போது பயமும் இருந்தது, கூடவே வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் இருந்தது. இந்த அம்மா என்னை வெறுக்கவில்லை. எட்டு மாதமாக நான் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தது இல்லவே இல்லை. அவர் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்துக்காக உடனே என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தண்ணீர் கொண்டுவர எழுந்தேன். சமையலறை அலமாரியில் சொம்புக்குப் பக்கத்தில் அவருடைய மாத்திரைப் பட்டை இருந்தது. சின்ன மஞ்சள் மாத்திரை. தினமும் படுக்கப் போகுமுன் ஒன்று போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன், சத்து மாத்திரை என்று நினைத்திருந்தேன்.

"இது எதுக்கு அத்தை?"

"அதுவா? தும்மலுக்கு. எதிர்த்தாத்து பங்களாவை இடிச்சாளே, ஃப்ளாட் கட்டறதுக்கு. அப்போ புழுதில தும்மி மாளல. முனைக்கடைல கேட்டேன், இதைக் குடுத்தான். நன்னாக் கேட்டுது. அதுலேர்ந்து விடாம போட்டுண்டிருக்கேன்."

"அது எப்போ இடிச்சாங்க?"

"உங்க கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி."

பட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த பெயரை வாசித்தேன். எங்கேயோ பார்த்த பெயர். எங்கேயோ என்ன, அன்று மத்தியானம் நானே கையால் எழுதிய பெயர். என் பையில் கையேட்டின் கைப்பிரதித் தாள்கள் இருந்தன. தரையில் பரப்பித் தேடினேன். மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அந்த மருந்துக்கு நேராக, என் எழுத்திலேயே: தூக்கக் கலக்கம், வாய் வறட்சி, தொண்டை வறட்சி.

தாளை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இது நீ எழுதினதா?" என்றார்.

"புஸ்தகத்துல இருக்கறதைத்தான் தமிழ்ல எழுதினேன்."

"இதாலதானா?"

"எனக்குத் தெரியாது அத்தை. டாக்டர்தான் சொல்லணும். ஆனா நாளைக்கே போறோம்."

அவர் மறுக்கவில்லை. என் கணவர் வீட்டுக்கு வந்ததும் நானே சொன்னேன். சட்டையைக்கூட மாற்றாமல் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் கல்யாணம் பண்ணிண்டதாலதான் நீ பேசறதில்லைன்னு நினைச்சுண்டிருந்தேன்மா" என்றார். அவர் அம்மா அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். "மக்கு" என்றார். குரலை மிச்சம் பிடிக்கிற காலத்திலும் அந்த ஒரு சொல்லுக்குச் செலவழிக்க அவருக்கு மனசு வந்தது.

மறுநாள் மூவரும் அடையாறில் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போனோம். பெண் டாக்டர். காத்திருக்கும் அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். என் மாமியார் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேராக எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கைப்பையின் வாரை அவர் விரல்கள் இறுக்கிக்கொண்டே இருந்தன. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். துணிச்சல் வரவில்லை. உள்ளே கூப்பிட்டபோது அவரே என் மணிக்கட்டைப் பிடித்து எழுந்தார், "நீ வா" என்றார். மகனை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டார்.

டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் கழுத்தை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழுவப் போட்டுவிட்டு, "கட்டி கிட்டி ஒண்ணும் கிடையாது. க்ளீனா இருக்கு. ஆனா ரொம்ப காஞ்சு போயிருக்கு" என்றார்.

என் மாமியார் அசையவில்லை. "நன்னாப் பாத்தேளா?" என்றார்.

"நல்லாவே பாத்தேன்மா. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

நான் பட்டையை நீட்டினேன். டாக்டர் அதைப் பார்த்ததும், "எத்தனை நாளா?" என்றார். ஒன்பது மாதம் என்றதும் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "தும்மலுக்கு அஞ்சு நாள் போடறதை ஒன்பது மாசம் போட்டா வாய் காயாம என்ன பண்ணும்? சரி, இது மட்டும் இவ்வளவு பண்ணாது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?"

என் மாமியார் கைப்பையைத் திறந்து மூடினார்.

"காலைல எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க."

"காபி. அப்பறம் சாப்பிடறச்சே ஒரு டம்ளர்."

"அப்புறம்?"

"சாயங்காலம் ஆத்துக்கு வந்துதான்."

"பத்து மணிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் ஒண்ணுமே குடிக்க மாட்டீங்களா? இந்த வெயில்ல? பாட்டு வேற சொல்லித் தரேன்னு சொல்றீங்க. போற வீட்ல தண்ணி தரமாட்டாங்களா?"

"தராமயா? வாசல்லயே கொண்டு வந்து நீட்டுவா. நான்தான் வேண்டாம்பேன்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஜலம் குடிச்சா பாத்ரூம் போகணும். ஊரே ஜலத்துக்கு அல்லாடறது. ஒவ்வொருத்தர் ஆத்துலயும் ஒரு வாளி ஒரு வாளியா எண்ணிப் பிடிச்சு வெச்சிருக்கா. அங்க போயி பாத்ரூம் எங்கேன்னு கேட்டு அரை வாளியைக் கொட்டிட்டு வரச் சொல்றேளா? எனக்கு வாய் வரல."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்களை மாதிரி இந்த மாசம் எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? டீச்சர்ஸ், கடைல நிக்கற பொண்ணுங்க. எல்லாரும் பொம்பளைங்கதான்" என்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தும்மல் வந்தால் தும்முங்கள் என்றார். ஒரு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வந்தோம். மகன் எழுந்து நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை" என்றேன். என் மாமியார் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் நேராகப் போனார். "குடிக்கக் கொஞ்சம் ஜலம் கிடைக்குமா?" என்று கேட்டார். ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அண்ணாந்து, நிறுத்தாமல் முழுவதும் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தார். தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார்.

என் கணவர் சங்கடத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சிரித்தேன். எட்டு மாதத்தில் அந்தக் குடும்பத்தோடு இருக்கும்போது நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த நாள் அச்சகத்தில் முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு கைப்பிரதியை இழுத்து, 'வாய் வறட்சி' என்று நான் எழுதியிருந்த இடத்திலெல்லாம் அதை அடிக்காமல், பக்கத்தில் 'அதாவது வாய் காய்ந்துபோதல், நாக்கு ஒட்டிக்கொள்ளுதல்' என்று சேர்த்தார். "ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணு புரியாதவங்களுக்கு இன்னொண்ணு புரியும்" என்றார். அப்படியே அச்சானது. பெருக்கும் அம்மாளுக்கு ஒரு பிரதி எடுத்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தான் சொன்ன வரியைக் கண்டுபிடித்ததும், "அய்யே, மெய்யாலுமே போட்டுக்கீறியே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாத்திரை நிறுத்தியதும் என் மாமியார் முதல் வாரம் வீடு அதிரத் தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் கை குவித்து ஏதோ சாமி பெயர் சொல்வார். போகிற வீடுகளில் கேட்டுத் தண்ணீர் குடித்தார். திருவான்மியூர் வீட்டு அம்மா, "ஏன் மாமி, இத்தனை நாள் கேட்டிருக்கக் கூடாதா? நீங்க தண்ணியே தொடாம இருக்கறதைப் பாத்து ஏதோ ஆசாரம்னு நினைச்சோம்" என்றாராம். அவர்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நன்றாகவே ஊறியதாம், வாளிக் கணக்கெல்லாம் அங்கே கிடையாதாம். அதைச் சொல்லும்போது என் மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரத்தில் குரல் ஈரப்பட்டு வந்தது. அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்த அம்மா பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார் என்று. கண்டக்டர் சில்லறை தராதது, கோபாலபுரத்துப் பெண்ணுக்குச் சுருதி நிற்காதது, நான் சாம்பாரில் தேங்காய் அரைத்து விடுவது, எங்கள் பக்கத்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் 'வே' போட்டுப் பேசுவது, தன் மகன் குழந்தையில் எதையெல்லாம் விழுங்கினான் என்பது, எல்லாம் ஒரே மூச்சில் வரும். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் நானும் அவரும்தான் பேசுவோம். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். ஒருநாள், "ரெண்டு பேரும் மாத்திரை போட்டுக்கறேளா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டாக்டரிடம் மறுபடி காட்டிவிட்டு வந்த அன்று, அடையாறிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் திரும்பினோம். எல்லாம் சரியாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஜன்னலோர இடம் அவருக்கு. பாலத்தின் மேல் போகும்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. அவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதே" என்றார்.

"கேளுங்க அத்தை."

"நீ ஏன் அந்த எட்டு மாசமும் ஒரு வார்த்தை பேசல? எதுக்கால வந்து வந்து நிப்பே. ஒரு தடவையாவது அம்மான்னோ அத்தைன்னோ கூப்பிட்டியா? எனக்கு ராத்தூக்கம் போச்சு. படிச்ச பொண்ணு, வேலைக்குப் போறவ, இந்தக் கிழவியை மதிக்க மாட்டேங்கறான்னு நினைச்சுண்டேன். சரியான உம்மணாமூஞ்சியைப் பிடிச்சுண்டு வந்திருக்கானேன்னு அவன் மேல அப்படி ஒரு கோபம்."

நான் அவரைப் பார்த்தபடியே இருந்தேன். உம்மணாமூஞ்சியா? நானா? மாம்பலத்தில் என் அப்பா கேட்டால் சிரித்தே மயங்கி விழுவார்.

"அத்தைன்னா உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோன்னு..." என்று இழுத்தேன்.

"எனக்கென்ன, அத்தைனே கூப்பிடு. நன்னாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். அப்புறம் மறுபடி திரும்பி, "உங்கப்பா எப்போ கடை சாத்துவார்? ஞாயித்துக்கிழமை ஆத்துல இருப்பாரோல்லியோ? நான் ஒரு நடை போய்ப் பேசறேன். எத்தனை நாளைக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருப்பார்?" என்று ஆரம்பித்தார். அங்கிருந்து லஸ் வரும்வரை, என் அப்பாவிடம் என்னவெல்லாம் சொல்லப்போகிறார் என்பதை ஒன்று விடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நடுவில் புகுந்து இரண்டு மூன்று திருத்தங்கள் சொன்னேன். முன் சீட்டிலிருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நாங்கள் கண்டுகொள்ளவில்லை.